ஹெச்.எம். மென்மையாக இருந்தால் ஸ்டாஃப் தலைக்கு மேல் ஏறிவிடுவார்களா?

கேள்வி: தண்டையார்பேட்டை ஹெச்.எம்.

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இந்த ஜூனில்தான் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் ரொம்பக் கண்டிப்பு. பிரேயரில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போதே லேட்டாக வந்த டீச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாராம். நான் வந்ததும் அதை நிறுத்திவிட்டேன். இப்போது ஸ்டாஃப் ரூமில் "புது மேடம் நல்லவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பேச்சு.

எர்ணாவூரிலிருந்து வரும் ஒரு டீச்சர் வாரத்தில் பாதி நாள் முதல் பீரியட் தொடங்கிய பிறகுதான் உள்ளே வருகிறார். கண்டெய்னர் லாரி நெரிசல் என்கிறார், அது பொய்யும் இல்லை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் காலையில் மாட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் அவருடைய ஆறாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது பக்கத்து வகுப்பு டீச்சர். அவருக்கு எரிச்சல், அந்த எரிச்சல் கடைசியில் போய் விழுவது பிள்ளைகள் மேல். போன வாரம் ஒரு பையன் அழித்து அழித்து எழுதியதில் பக்கம் கிழிந்துபோக, நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி "இதுதான் நோட்டா?" என்று கேட்டிருக்கிறார். நான் ரவுண்ட்ஸ் போனபோது அந்தப் பையன் இடது கையால் நோட்டை மூடிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தான்.

பழைய முறைக்குத் திரும்ப மனசு வரவில்லை. இப்படியே விடவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பெரம்பூர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

மேடம், பிரேயரில் கேட்பதை நிறுத்தியது நூறு சதவீதம் சரி. ஆனால் அதோடு சேர்த்துத் தனியாகக் கேட்பதையும் நிறுத்திவிட்டீர்களோ என்று உங்கள் பதிவைப் படித்தால் தோன்றுகிறது. எல்லார் முன்னாலும் கேட்டால் அவமானம், கேட்காமலே விட்டால் புறக்கணிப்பு. இரண்டுக்கும் நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு நேராகப் பேசுவது என்று ஒரு வழி இருக்கிறது, நான் நம்புவது அதைத்தான்.

காலையில் அவர் மூச்சு வாங்க ஓடி வரும்போது பேசாதீர்கள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு உட்கார வைத்து, முதலில் நடப்பதைச் சொல்லுங்கள்: "உங்கள் வகுப்புக்கு முதல் பீரியடில் டீச்சர் இல்லை, அந்தச் சுமையை இன்னொருவர் தூக்குகிறார்." அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். லாரி நெரிசலை மட்டும் சொல்வார், பின்னால் படுக்கையில் கிடக்கும் மாமியார் இருக்கலாம், குழந்தை இருக்கலாம். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறதே, அதில் வந்து தண்டையார்பேட்டையில் இறங்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். வீட்டு நிலைமை உண்மையிலேயே கஷ்டம் என்றால் டைம் டேபிளை மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வரை பாட ஆசிரியர்கள் மாறி மாறித்தானே போகிறார்கள், வகுப்பாசிரியர் பொறுப்பை இந்த வருஷம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இவருக்குச் சாயங்கால வேலை ஏதாவது கொடுங்கள். இதெல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். அதில் கொடுமை எதுவும் இல்லை. ஒருவருக்குக் காட்டும் இரக்கத்தின் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் கொடுமை.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் "பையனை ஏன் அப்படிப் பேசினீர்கள்" என்று தொடங்காதீர்கள். "இரண்டு வகுப்பையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், எனக்குத் தெரியும்" என்று தொடங்குங்கள், அதற்கே பாதி சூடு இறங்கிவிடும். ஆனால் நோட்டு விஷயத்தை விட்டுவிடவும் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் கொடுப்பதையும் தடுக்கிறது. நம்மில் பலர் பிரம்பை மட்டும் கீழே வைத்துவிட்டு நாக்கை வைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பு முன்னால் நடந்ததை வகுப்பு முன்னாலேயே அந்த டீச்சர் சரிசெய்யட்டும், அந்தப் பையன் எழுதியதில் நன்றாக இருப்பதை எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் போய்ச் சமாதானம் சொன்னால் டீச்சருக்கும் பையனுக்கும் நடுவில் உள்ள விரிசல் அப்படியேதான் இருக்கும்.

பதில்: திருவொற்றியூர் டீச்சர்

மேலே சார் சொன்னதோடு டீச்சர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். 2023 டிசம்பர் எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாத மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளம், அந்தத் தண்ணீரோடு எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுப்பு, அது அடங்குவதற்குள் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த அன்று எங்கள் ஹெச்.எம். பாடக் குறிப்பைக் கேட்கவில்லை, "யார் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். வீடு கழுவ வேண்டியவர்களுக்கு மதியம் முறை வைத்து பெர்மிஷன் கொடுத்தார், யாருக்கு எந்த நாள் என்று ஸ்டாஃப் ரூம் போர்டில் எழுதியும் போட்டார். எல்லார் கண் முன்னாலும் இருந்ததால் "அவளுக்கு மட்டும் சலுகை" என்ற பேச்சே எழவில்லை. எங்களுக்கு நேரம் கிடைத்ததால்தான் நாங்கள் பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்க முடிந்தது, அந்த வாரம் அவர்களைப் பேசவிட்டோம், படம் வரையவிட்டோம், நிறைய பேர் வரைந்தது படகுதான்.

இன்னொன்று. சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் கோபம் வருகிறது, ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது மனசு களைத்துப்போனதன் அறிகுறியாக இருக்கலாம், திமிர் என்று முடிவு கட்டாதீர்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆசிரியர்களும் கூப்பிடலாம் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள், ஹெச்.எம். வாயால் வந்தால் வெட்கம் குறையும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில் எதுவும் போடாதீர்கள்.

பதில்: காசிமேடு அம்மா

நான் டீச்சர் இல்லை, இரண்டு பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவள். விடியும் முன்னே மீன் ஏலத்துக்குப் போய்விடுவேன், சின்னவனைக் கிளப்புவது பெரியவள்தான். லேட்டானால் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிற பழக்கம் இங்கே சில பள்ளிகளில் இருக்கிறது. நிறுத்தினால் அவனுக்குக் காலைச் சாப்பாடும் போய்விடுகிறது மேடம், வீட்டில் சாப்பிட்டு வந்திருக்க மாட்டான். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், வீட்டில் காசும் இருக்காது, சண்டையும் இருக்கும், அப்போது பிள்ளை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்றால் முதலில் சாப்பிட்டானா என்று கேட்கச் சொல்லுங்கள். டீச்சருக்குப் பார்க்கிற அதே நியாயத்தைப் பிள்ளைக்கும் பாருங்கள்.

கேட்டவர்: தண்டையார்பேட்டை ஹெச்.எம்.

எல்லாருக்கும் நன்றி. காசிமேடு அம்மா, லேட்டாக வரும் பிள்ளையை இனி நேராகச் சாப்பாட்டு இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன், கேள்வியெல்லாம் அப்புறம்தான். சார், எர்ணாவூர் டீச்சரிடம் பேசினேன், நீங்கள் சொன்ன மாதிரி வீட்டில் வேறு பிரச்சினை இருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சரையும் கேட்டுக்கொண்டு வகுப்பாசிரியர் பொறுப்பை மாற்றப் போகிறேன்.

டீச்சர், உங்களிடம் ஒரு சந்தேகம். ஏழு மணிக்கு மேல் மெசேஜ் வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் மேலிடத்திலிருந்து விவரம் கேட்டு ராத்திரிதான் வருகிறது, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவு உட்பட. எப்படிச் சமாளிப்பது?

பதில்: திருவொற்றியூர் டீச்சர்

எங்கள் ஹெச்.எம். அதைத் தானே படித்து வைத்துக்கொண்டு, ராத்திரியே தன்னால் கொடுக்க முடிந்த விவரத்தைத் தானே கொடுத்துவிடுவார். மீதி காலையில் பிரேயருக்கு முன் குரூப்பில் வரும், யார் செய்ய வேண்டும் என்று பெயரோடு. மழை விடுமுறை, பிள்ளைக்கு ஆபத்து மாதிரி விஷயம் மட்டும் எந்த நேரமானாலும் உடனே போடுவார், அதனால் ராத்திரி குரூப்பில் சத்தம் கேட்டால் அவசரம் என்று நாங்களும் எடுத்துப் பார்த்துவிடுவோம்.