ஐபி முகவரி தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

மழைத்துளி:
ஒரு விவாதக் குழுவில் புனைபெயரில் எழுதி வருகிறேன். போன வாரம் ஒருவரோடு வாக்குவாதம் முற்றிவிட்டது. தனிச்செய்தியில் ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் ஏதோ ஒரு படம். கொஞ்ச நேரத்தில் என் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் என் இணைப்புக்கு இருக்கும் எண்ணை, அப்படியே எழுதி, "இனி உன் வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை" என்கிறார். சரிபார்த்தேன், என் எண்தான். தூக்கமே வரவில்லை. நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் ஆப் இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதுமா?

கம்பிவடம்:
அந்த எண்ணை மட்டும் வைத்து அவர் உங்கள் வாசலுக்கு வர முடியாது. பயப்படாதீர்கள். தேடிப் பார்த்தால் அவருக்குக் கிடைப்பது உங்கள் இணைய நிறுவனத்தின் பெயரும், எந்த ஊர்ப்பக்கம் என்ற உத்தேசமும்தான். அந்த உத்தேசமே பல நேரம் தப்பு. அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத ஐபிகளுக்கெல்லாம் ஐபி எந்த இடம் என்று சொல்லும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் நாட்டின் நடுவாக்கில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அது கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டின் மேல் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டையே காட்டின. யாரோ செய்த மோசடிக்கெல்லாம் போலீஸ் அங்கே போய்க் கதவைத் தட்டியது. 2016-ல்தான் காரணம் வெளியே வந்தது.

எந்த நேரத்தில் எந்த எண் யாருடைய இணைப்பில் இருந்தது என்ற பதிவு இணைய நிறுவனத்திடம் இருக்கும். சட்டப்படி கேட்பவர்களுக்குத்தான் அதைத் தர வேண்டும். கோபத்தில் இருக்கும் ஒருவர் கேட்டால் கிடைக்காது.

அதற்காக மிரட்டலைச் சும்மா விடாதீர்கள். அந்த லிங்க், செய்தி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிர்வாகியிடம் கொடுங்கள். தொடர்ந்தால் போலீஸில் புகார் செய்யுங்கள். ரூட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போட்டால் பல இணைப்புகளில் புது எண் வந்துவிடும்.

அப்புறம் விபிஎன். நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் எண்ணுக்குப் பதிலாக விபிஎன் சர்வரின் எண் தெரியும், அவ்வளவுதான். எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று இதுவரை இணைய நிறுவனம் பார்த்தது, இனி விபிஎன்காரர் பார்ப்பார். சர்வர் நடத்தக் காசு வேண்டும். உங்களிடம் வாங்காதவர் எங்கிருந்து சம்பாதிக்கிறார் என்று பாருங்கள். கட்டணச் சேவையின் வருமானத்தில் ஓடும் இலவசத் திட்டங்கள் உண்டு, அவை பரவாயில்லை. பெயர் தெரியாத ஆப்பைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் உங்கள் புனைபெயரைத்தான் கவனிப்பேன். அதே பெயர், அதே படம் வேறு எங்காவது உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கிறதா? ஒருவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருவார்கள். எந்த விபிஎன்னாலும் அதை மறைக்க முடியாது.

நிழற்குடை:
இன்னும் பலமாக மறைய வேண்டுமென்றால் டார் உலாவி. அதில் உங்கள் இணைப்பு மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதல் கணினிக்கு உங்கள் ஐபி தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கணினிக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது. மெதுவாகத்தான் இருக்கும். அதில் போய்ச் சொந்த மெயிலைத் திறந்தால் எல்லாம் வீண்.

குரல் அழைப்பையும் கவனியுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு சில நேரம் இரண்டு போன்களுக்கும் நேரடியாகப் போவதால் எதிராளிக்கு உங்கள் ஐபி தெரியலாம். செட்டிங்ஸில் தனியுரிமை, அதற்குள் மேம்பட்டவை என்ற பகுதியில், அழைப்புகளில் ஐபியைப் பாதுகாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

மழைத்துளி:
இருவருக்கும் நன்றி. நேற்று நிம்மதியாகத் தூங்கினேன். அதே புனைபெயர் ஒரு பழைய கணக்கில் இருந்தது, மாற்றிவிட்டேன். கட்டண விபிஎன் போட்டு, ஐபி காட்டும் பக்கத்தைத் திறந்தேன். மேலே புது எண். ஆனால் கீழே எழுத்தும் எண்ணும் முக்காற்புள்ளியுமாக நீளமாக ஒன்று வருகிறது. அது விபிஎன் போடுவதற்கு முன்பும் இருந்ததுதான். பரவாயில்லையா?

கம்பிவடம்:
நல்லவேளை பார்த்தீர்கள். அது ஐபிவி6 முகவரி, அதாவது புது வகை ஐபி எண். உங்கள் விபிஎன் பழைய வகையை மட்டும் மூடுகிறது, இது அப்படியே வெளியே தெரிகிறது. ஆப் செட்டிங்ஸில் ஐபிவி6 கசிவைத் தடுக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ரூட்டரில் ஐபிவி6-ஐயே நிறுத்திவிடுங்கள். கில் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும், அதையும் போடுங்கள். விபிஎன் நடுவில் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும். எல்லாம் செய்துவிட்டு உலாவியை மூடித் திறந்து, அதே பக்கத்தை மறுபடி பாருங்கள். நீளமான எண் இன்னும் வந்தால் விபிஎன் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.