எல்லையோரக் கடைக்காரர்களே, பட்ஜெட் உங்கள் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

மளிகைக் கடை, கொழிஞ்சாம்பாறை

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் எல்லோரும் இதில் எழுத வேண்டும் என்பது என் ஆசை. முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கடைக்கு வரும் தமிழ்ப் பத்திரிகை கோவைப் பதிப்பு. தமிழ்நாட்டு பட்ஜெட் என்றால் முதல் பக்கம் முழுக்க அதுதான். எதற்கு வரி குறைந்தது, யாருக்கு என்ன சலுகை என்று கடை வாசலில் நின்று அலசுவார்கள். ஆனால் நாம் வரி கட்டுவது கேரளத்துக்கு. அந்த பட்ஜெட்டைப் பற்றி உள்பக்கத்தில் நாலு வரி வந்தாலே அதிகம். மலையாளம் பேசுவோம், கேட்டால் புரியும். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்கள் பலர் மலையாளப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். அதனால் திருவனந்தபுரத்தில் எடுத்த முடிவு நமக்குத் தெரிய வருவது மொத்த வியாபாரியின் பில்லில்தான். இல்லையென்றால் வாடிக்கையாளர் சொல்லித் தெரியும்.

2023 பிப்ரவரி 3 அன்று கேரளத்தின் அப்போதைய நிதியமைச்சர் கே.என்.பாலகோபால் பட்ஜெட் வாசித்தார். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் (ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் தனி வரி), ஏப்ரல் 1 முதல் அமல். இது என் கடைக்கு வந்து சேர்ந்தது எங்கள் லோடு ஆட்டோக்காரர் மூலமாக. பொள்ளாச்சி மார்க்கெட்டிலிருந்து பருப்பு, மிளகாய் மூட்டை ஏற்றி வருபவர். சரக்கை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, இனிமே வாடகை இது பத்தாதுங்க" என்றார். நடுவில் இரண்டு மாத அவகாசம் இருந்திருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சரக்கு எடுத்துப் போட்டிருக்கலாம்.

அந்த செஸ்ஸே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முதியோர், விதவைகள் போன்றவர்களுக்கு மாதம் 1600 ரூபாய் க்ஷேம பென்ஷன் (நல ஓய்வூதியம்) கொடுக்கத்தான் அதை வாங்குகிறோம் என்றார்கள். பென்ஷன் வந்த வாரம் என் கடையில் நிற்கும் கூட்டம் எனக்குத் தெரியும். வயதான அம்மாக்கள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து முதலில் பழைய பாக்கியை அடைப்பார்கள். அப்புறம்தான் எண்ணெயும் புளியும் கேட்பார்கள். 2023 கடைசியில் பல மாதம் பென்ஷன் நிலுவை நின்றபோது என் பற்று நோட்டு தடித்துக்கொண்டே போனது. 2025 நவம்பரில் அது 2000 ரூபாய் ஆனதும் வித்தியாசம் கல்லாவில் தெரிந்தது. ஆகவே பட்ஜெட் என்பது நமக்கு வரி மட்டும் இல்லை, வியாபாரமும் அதில்தான் இருக்கிறது. அதை நாம் தாமதமாகத் தெரிந்துகொள்வதுதான் என் மனக்குறை.

உங்களுக்கு எந்த முடிவு, எப்படி வந்தது? எழுதுங்கள்.

பெட்ரோல் பங்க் கணக்காளர், வேலந்தாவளம் பக்கம்

அண்ணா, அந்த 2 ரூபாயால் அதிகம் அடி வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

2021 ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாட்டின் திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். மறுநாளே விலை இறங்கியது. எங்கள் பங்க்கில் பைக்குகள் குறைந்தது அந்த வாரத்திலிருந்துதான். அப்புறம் 2023 ஏப்ரலில் இந்தப் பக்கம் 2 ரூபாய் ஏறியது. இரண்டும் சேர்ந்து பெட்ரோலில் லிட்டருக்கு 5 ரூபாய்க்குக் குறையாத வித்தியாசம் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்க்குக்குப் போக வண்டியில் சில நிமிஷம் போதும். யார் நிற்பார்கள்?

வரி போடும் விதமும் வேறு வேறு. கேரளத்தில் பெட்ரோலுக்கு 30.08 சதவீத விற்பனை வரி, அதோடு லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் வரி, 1 சதவீத செஸ். அதற்கு மேல்தான் இந்த 2 ரூபாய். தமிழ்நாட்டில் 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாய் என்று நிலையான தொகை. அடிப்படை விலை 1 ரூபாய் ஏறினால் அங்கே வரி 13 பைசா ஏறும், இங்கே 30 பைசாவுக்கு மேல் ஏறும். எண்ணெய் விலை ஏற ஏற இந்த இடைவெளி தானாகவே அகலும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் பேப்பரில் எழுதிக் காட்டுவேன்.

லாரிக்காரர்கள் இப்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் தெரியுமா? வண்டியை நிறுத்தி, டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று விரலால் அளந்து, பொள்ளாச்சி வரை தாங்குமா என்று மனக்கணக்குப் போட்டு, தாங்காது என்றால் மட்டும் "200க்குப் போடுங்க" என்பார்கள். முன்பு ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு போன அதே ஆட்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்களிடம் இரவு ஷிஃப்டில் நின்ற பையன்களைக் குறைத்துவிட்டார்கள். அதில் ஒருவன் இப்போது அந்தப் பக்கத்துப் பங்க்கிலேயே வேலை பார்க்கிறான்.

மாநிலம் முழுக்க ஒரே 2 ரூபாய்தான். கோட்டயத்தில் இருக்கும் பங்க்குக்கு அதனால் வாடிக்கையாளர் எங்கும் போகப் போவதில்லை. எல்லையில் இருப்பவனுக்கு அது வேறு கணக்கு. வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் எங்கே கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

எலக்ட்ரிக்கல்ஸ், சித்தூர்

எனக்கு மறக்க முடியாதது வெள்ள செஸ். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஜனவரியில் அப்போதைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் வாசித்த பட்ஜெட்டில் வந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை இருந்தது. 5 சதவீதத்துக்கு மேல் ஜிஎஸ்டி உள்ள பொருளைக் கடைசியாகப் பயன்படுத்துபவருக்கு விற்றால் 1 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்கு விற்றால் கிடையாது.

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்காக என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நாங்களும் அந்தச் சமயத்தில் அரிசி, போர்வை ஏற்றி அனுப்பியவர்கள்தான். ஆனால் பில்லில் அது தனி வரியாக விழும். 25,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு 250 ரூபாய். அந்த ஒரு வரியை விரல் வைத்துக் காட்டி, "இது பொள்ளாச்சியில இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்களை நான் நிறையப் பார்த்தேன். மிக்சி, ஃபேன் என்றால் சமாளித்துவிடலாம். கல்யாணச் சீருக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி என்று மொத்தமாக எடுப்பவர்கள் கண்டிப்பாக எல்லை தாண்டினார்கள். பல நேரம் செஸ்ஸை என் லாபத்திலிருந்து தள்ளிக் கொடுத்தேன். அதற்குத் தனியாக மாதா மாதம் ஒரு ரிட்டர்ன் வேறு தாக்கல் செய்ய வேண்டும்.

2022 ஆகஸ்டில் வந்த கேரள அரசின் லக்கி பில் ஆப் மட்டும் எனக்கு நல்லதாகவே அமைந்தது. பில்லைப் படம் எடுத்து ஏற்றினால் பரிசு என்றதும் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே பில் கேட்க ஆரம்பித்தார்கள். பில் போடாமல் மலிவாக விற்கும் கடைக்கும் எனக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது.

சிப்ஸ், முறுக்கு தயாரிப்பு, கோபாலபுரம் ரோடு

நான் சொல்லப்போவது மாநில பட்ஜெட் இல்லை, ஜிஎஸ்டி சட்டம். ஆனால் எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

நானும் என் மனைவியும் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் போடுகிறோம். காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கிறேன். விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும், கணக்கு வேலையும் குறைவு. எங்கள் சரக்கைக் கொழிஞ்சாம்பாறைக்கும், இன்னும் உள்ளே பாலக்காட்டுக்கும் கொண்டுபோகலாம். ஒரு தடையும் இல்லை. ஆனால் செக்போஸ்ட் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் டீக்கடை, எங்கள் ஷெட்டிலிருந்து பார்த்தால் அதன் பெயர்ப்பலகை தெரியும், அங்கே நான் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட முடியாது. காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. சரி, பதிவே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்றால் அதுவும் நடக்காது. பதிவு வேண்டாம் என்ற 40 லட்ச வரம்பு மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் தங்கச்சி. "அண்ணா, அந்தக் கடைக்கு மட்டும் போடாதீங்க, பின்னாடி தொந்தரவு ஆயிடும்" என்று போன் செய்து சொன்னாள். அந்த டீக்கடைக்காரர் எங்கள் அம்மா வழியில் மாமா முறை. அவருக்கு இன்றுவரை என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. வேண்டுமென்றே கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாநில நிதியமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலில் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் சிறு தயாரிப்பாளர் விற்றால் பரவாயில்லை என்று ஒரு விலக்கு போதும். எங்களைப் போல எத்தனையோ குடும்பம் பிழைக்கும்.

லாட்டரிக் கடை, மீனாட்சிபுரம்

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து கேரளப் பக்கத்து எல்லைக் கிராமங்கள் பலவற்றில் லாட்டரிக் கடை ஒரு முக்கிய வியாபாரம். கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி திருப்பூர்க்காரர்கள் வாளையாறில் வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது.

ஆனால் எங்களுக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. 2025 மே மாதம் 40 ரூபாய் டிக்கெட் 50 ஆனது. அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. டிக்கெட் விலையை மறுபடியும் ஏற்றவில்லை, நல்ல விஷயம். ஆனால் பரிசிலும் எங்கள் கமிஷனிலும் கை வைத்தார்கள். எனக்கு இது தெரிந்தது மொத்த ஏஜெண்டிடம் கட்டு எடுக்கப் போனபோது. என் கடைக்குப் பக்கத்தில் கால் நடக்க முடியாத ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வைத்து விற்கிறார். டிக்கெட்டுக்குச் சில காசு குறைந்தாலும் அவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு.

ஜவுளிக் கடை, பொள்ளாச்சி

நான் அந்தப் பக்கத்து ஆள். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் பட்ஜெட் எங்களுக்கும் பட்ஜெட்தான். ஓணத்துக்குக் கேரள அரசு போனஸும் அட்வான்ஸும் பென்ஷன் நிலுவையும் ஒன்றாகக் கொடுத்தால் எங்கள் தெருவில் நிற்க இடம் இருக்காது. கொடுக்கத் தாமதமானால் நெய்து வந்த கசவு வேட்டி அப்படியே அடுக்கில் இருக்கும். ஆகவே நீங்கள் செய்தி போட்டால் எங்களுக்கும் அனுப்புங்கள்.

ஹார்டுவேர், வண்ணாமடை

ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன். எனக்கு ஜிஎஸ்டிக்கு முன்பு இருந்த வாட் வரிக் காலத்துப் பாக்கி என்று பழைய நோட்டீஸ் ஒன்று இருந்தது. பெயிண்ட் கொள்முதல் கணக்கில் வந்த வித்தியாசம். அசல் வரி 50,000க்குக் கீழேதான், ஆனால் வட்டி குட்டி போட்டுக்கொண்டே போனது. 2023 அக்டோபரில் கோவையில் இருக்கும் மச்சான் போன் செய்து, தமிழ்நாட்டில் 50,000 வரை வரி பாக்கியை முழுக்கத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றார். நமக்கு எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். 2024 பிப்ரவரி கேரள பட்ஜெட்டில் ஆம்னஸ்டி (பழைய வரி பாக்கிக்கான சலுகைத் திட்டம்) அறிவித்தார்கள். இங்கேயும் அதே 50,000 வரை வரியோடு வட்டி, அபராதம் எல்லாம் தள்ளுபடி. அதற்கு மேல் என்றால் வரியில் ஒரு பங்கு கட்ட வேண்டும், வட்டி அபராதம் இல்லை.

மளிகைக் கடை, கொழிஞ்சாம்பாறை

இது எனக்கே தெரியாது அண்ணா. தள்ளுபடி ஆகிவிட்டது என்று எழுத்தில் வாங்கினீர்களா?

ஹார்டுவேர், வண்ணாமடை

வாங்கினேன். மலையாளத்தில் மனு எழுதிக் கொடுக்க ஆள் தேடவில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் முதலில் தயங்கினார்கள். 1969ஆம் வருஷ கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் மொழிச் சிறுபான்மையினர் அவரவர் மொழியில் எழுதலாம் என்று இருக்கிறது, நம் சித்தூர் தாலுகா அதில் வரும் என்று சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார்கள். முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. யாருக்காவது மாதிரி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

பெட்ரோல் பங்க் கணக்காளர், வேலந்தாவளம் பக்கம்

நான் மலையாளம் நன்றாகப் படிப்பேன். அடுத்த பட்ஜெட் அன்று ராத்திரி வரி சம்பந்தமான பகுதியை மட்டும் தமிழில் எழுதிப் போடுகிறேன். எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன்.

சிப்ஸ், முறுக்கு தயாரிப்பு, கோபாலபுரம் ரோடு

அண்ணா, எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். மாமாவிடம் காட்ட அந்த காம்போசிஷன் விதியும் தமிழில் வேண்டும்.