பழுப்பு வண்டு: அனோமலாவா, ஹோலோட்ரைக்கியாவா?

கேள்வி:
மழைக்குப் பிறகு நிலக்கடலைக் காட்டு விளக்குப்பொறியில் பழுப்பு வண்டுகள் விழுகின்றன. 12 முதல் 20 மி.மீ. வரை. உணர்கொம்பு நுனியில் மூன்று தகடு இருப்பதால் ஸ்காராப் (காண்டாமிருக வண்டு, சாண வண்டு அடங்கிய குடும்பம்) என்பதில் சந்தேகமில்லை. அனோமலா, ஹோலோட்ரைக்கியா என்ற இரு பேரினங்களாக நிறத்தை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறுகிறது. கையில் 10 மடங்கு லென்ஸ் மட்டும்தான். எதைப் பார்ப்பது?

பதில் 1:
நிறத்தை விடுங்கள் சார். மண்ணிலிருந்து புதிதாக வந்தது வெளிறித்தான் இருக்கும். பின்னங்கால் நகத்தைப் பாருங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஊசியால் தள்ளினால் தனித்தனியே அசைகிறது என்றால் ரூட்டெலினே என்ற துணைக்குடும்பம். அனோமலா அதில்தான் வரும். இரண்டும் ஒரே அளவு, ஒவ்வொன்றின் அடியிலும் நடுவாக்கில் ஒரு பல் இருந்தால் ஹோலோட்ரைக்கியா, அதாவது மெலோலோந்தினே துணைக்குடும்பம். இரவில் வேப்பமரத்தில் மொய்ப்பதும் இதுதான்.

கேட்டவர்:
ஒன்றில் முன்னங்கால் நகம் நுனியில் பிளந்திருக்கிறது, பக்கத்து நகம் பிளவில்லை. இதைப் பல் என்று எடுக்கலாமா? காய்ந்த வண்டில் நகங்கள் ஒட்டிக்கொண்டு அசையவும் மாட்டேன் என்கின்றன.

பதில் 1:
அது பல் இல்லை. அனோமலாவில் முன், நடுக் கால்களின் பெரிய நகம் அப்படிப் பிளந்திருப்பது வழக்கம். பல் என்றால் இரண்டு நகத்திலும் இருக்க வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றுதான் பின்னங்கால் சொன்னேன். காய்ந்ததை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போடுங்கள். வலிந்து இழுத்தால் பாதமே கழன்று வரும். இனிப் பிடிப்பதை 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள்.

பதில் 2:
நகம் மட்டும் போதாது. ஹோப்ளியா என்ற பேரினத்துக்குப் பின்னங்காலில் ஒரே நகம்தான். ஆனாலும் அது மெலோலோந்தினே. உடல் முழுக்கச் செதில் இருப்பதால் தெரிந்துவிடும். உடலெல்லாம் வெளிறிய மயிர், மேலுதட்டின் நடுவில் அலகு போல ஒரு நீட்சி கீழ்நோக்கி இறங்கினால் அடோரெட்டஸ் என்ற பேரினம். அதுவும் ரூட்டெலினேதான்.

செடியடியில் இந்த வண்டுகளின் புழு கிடைத்தால் வேலை இன்னும் எளிது. வாலைத் திருப்பி ஆசனவாய்ப் பிளவைப் பாருங்கள்: குறுக்குக் கோடானால் அனோமலா, மூன்று கிளையாகப் பிரிந்தால் ஹோலோட்ரைக்கியா.

கேட்டவர்:
ஊறவைத்த பிறகு ஒன்று மட்டும் இடிக்கிறது. பின்னங்கால் நகங்கள் சமம், பல் இல்லை.

பதில் 2:
தலையை நேர் மேலிருந்து பாருங்கள். முன்விளிம்புக்கு வெளியே இருபுறமும் தாடை எட்டிப் பார்த்தால் அது டைனாஸ்டினே, காண்டாமிருக வண்டின் கூட்டம். கொம்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.