அட்டவணையிடலா, முறைவைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுப் பொதிகளை (பாக்கெட்) ஒளியாகவே வழிமாற்றி அனுப்பும் ஒளிப்பொதி மாற்றுப் பிணையங்களில் வரும் ‘ஷெட்யூலிங்’குக்கு, அதாவது எந்தப் பொதி எப்போது, எவ்வழியே போவது என்று தீர்மானிப்பதற்கு, அட்டவணையிடல் என்ற சொல்லே போதுமே, புதிதாக எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அட்டவணை என்றால் ரயில் அட்டவணை மாதிரி முன்கூட்டியே எழுதி மாட்டிவைப்பது. இங்கே எந்தப் பொதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்து நின்றதும், இல்லை, நிற்கக்கூட முடியாது, ஒளி நிற்காதே, அதுதான் இந்தத் துறையின் தலைவலியே.

சாதாரண ரவுட்டரில் இரண்டு பொதிகள் ஒரே வாசலுக்கு வந்தால் ஒன்றை ரேமில் போட்டு வைத்துவிட்டு மற்றதை அனுப்பலாம். ரேமுக்கு நிகரான ஒளி நினைவகம் நடைமுறைக்கு வரவில்லை. இருப்பது நீளமான ஒளியிழைச் சுருள் மட்டும், அதைச் சுற்றிவரும் நேரம்தான் பொதியின் காத்திருப்பு. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 10 ஜிகாபிட் வேகத்தில் 1500 பைட் பொதி ஒன்று கடந்துபோக 1.2 மைக்ரோநொடி, அதாவது அந்த ஒரே ஒரு பொதியைக் காக்கவைக்க 240 மீட்டர் இழை சுற்ற வேண்டும்! உள்ளே விட்டபின் பாதியில் வெளியே எடுக்கவும் முடியாது. ஆக ஏரி இல்லாத ஊரில் வாய்க்காலை மட்டும் வைத்துப் பாசனம் செய்கிற கதை.

அங்கிருந்துதான் எனக்குச் சொல் கிடைத்தது. தண்ணீர் குறைந்த காலத்தில் ‘முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்’ என்று டெல்டா பக்கம் சொல்வார்கள் இல்லையா? எந்த வாய்க்காலுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த ‘முறை’க்குள் அடக்கம். ஒளிப்பிணையத்திலும் எப்போது என்பதோடு விஷயம் முடிவதில்லை, எந்த அலைநீளத்தில், எந்தச் சுருள் வழியாக என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கால ஒதுக்கீடு என்ற சொல் இதில் பாதியைத்தான் தாங்கும். திட்டமிடலைப் பிணைய வடிவமைப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எனவே முறைவைப்பு. செய்யும் கருவி முறைவைப்பி. முறையிடல் என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், பொதிகள் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போன மாதிரி ஆகிவிடும். குறை ஒன்று இருக்கிறது, ‘முறைவைப்பு முறைகள்’ என்று எழுத நேர்ந்தால் வாய் இடறும். அந்த இடத்தில் வழிகள் என்று போட்டுக்கொள்ளலாம்.

சரி, அடுத்தது ‘ஆஃப்செட்’. பல பொதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிற, வெடிப்பு மாற்று என்று நாம் எழுதி வருகிற ஓபிஎஸ் (OBS, ஆப்டிகல் பர்ஸ்ட் ஸ்விட்சிங்) வகையில், தலைப்புப் பொதி முன்னால் போய் வழியில் இருக்கும் ஒவ்வொரு மாற்றியிலும் (ஸ்விட்ச்) இடம் பிடிக்கும், பதிலுக்குக் காத்திராமல் சற்று நேரம் கழித்துத் தரவு பின்னால் வரும். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதேதான். உயர்ந்த சேவைத்தரம் (குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்) வேண்டிய தரவுக்கு இந்த இடைவெளியைக் கூட்டிக் கொடுப்பார்கள், முன்னதாகத் துண்டு போட்டவருக்கு சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அவர் கிளம்பவே கூடுதல் நேரம் ஆகும். அந்த விலையும் தெரிகிற மாதிரி முந்துநேரம் என்கிறேன். துண்டுநேரம் என்று எழுத ஆசைதான், பேராசிரியர்கள் விடமாட்டார்கள்.

‘கேரண்டி’க்கு உத்தரவாதம் வேண்டாம், உறுதி போதும். அப்படி எழுதினாலும் முழு உறுதியா, மற்ற சேவை வகுப்பைவிட இழப்பு குறைவு என்ற ஒப்பீட்டு உறுதியா என்று சேர்த்து எழுதாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். பொதிகளைக் காக்கவைக்கும் இடையகம் (பஃபர்) இல்லாத இடத்தில் பொதி இழப்பே முதல் கவலை, தாமதம் அப்புறம்தான்.

ஆக, இந்தச் சொற்களை வைத்து நாம் தமிழாக்கும் தலைப்பு இப்படி வரும்: ‘சேவைத்தர உறுதியுடன் ஒளிப்பொதி மாற்றுப் பிணையங்களில் தரவுப்போக்கை முறைவைத்தல்’. கொஞ்சம் நீளம்தான். ‘டிராஃபிக்’குக்குத் தரவுப்போக்கு என்பதற்குப் பதில் போக்குவரத்து என்றால் மறுபடி பஸ்தான் கண்ணில் வருகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஏற்கெனவே பதிவான இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் சிறு நேரத்தில் இன்னொன்றைச் செருகுவதை ‘வாய்ட் ஃபில்லிங்’ என்கிறார்கள். வெற்றிடம் நிரப்பல் என்றால் இயற்பியல்காரர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிக்னலில் இரண்டு பஸ்களுக்கு நடுவே பைக் நுழைகிறதே, அந்த இடுக்கு சரிப்படுமா? இடுக்குநிரப்பல்? இல்லை, இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?