பிள்ளை பெற்ற பெண்ணுக்காகக் கணவரே பேசினால் கிளினிக்கில் என்ன செய்வது?

கோயில் தொண்டர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)
வணக்கம். கணவரின் வேலை விசாவை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண். பிள்ளை பிறந்து ஐந்து வாரம். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆங்கிலம் வராது. கிளினிக்கில் கணவரே பேசி, "எல்லாம் நல்லா இருக்கு" என்று முடித்துவிட்டார். பாஸ்போர்ட்டும் அவர் கையில். தனியாகக் கூட்டிப்போனால் பார்ப்பார்களா?

பிரசவச் செவிலி, டர்பன்
பிரசவத்துக்குப் பிந்தைய சாதாரண அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஐந்து வாரம் என்றால் விடக்கூடாது.

ஆறாம் வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி, தாய்க்கும் பரிசோதனை. தடுப்பூசிக்குப் போவதை வீட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளையின் தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் பதியும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தோடு நீங்களும் கூடப் போங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள்: 10 கேள்வி, கடந்த 7 நாள் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். ஆங்கிலத் தாளில் பெரும்பாலும் 13 வந்தால்தான் கவனிப்பார்கள். தமிழ்நாட்டில் சரிபார்த்த தமிழ்த் தாளுக்கு 9 போதும். இதைச் செவிலியிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 10, 11 எடுத்தவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் அந்த மதிப்பெண்ணுக்கே அர்த்தமில்லை.

பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். காதில் குரல் கேட்கிறது, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னால் ஆறாம் வாரம்வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சட்ட உதவித் தொண்டர்
பார்த்தே ஆகவேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 4-ஆம் பிரிவு: கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அரசு மருத்துவமனையில் இலவசம். எந்த நாட்டவர், விசா போன்ற ஆவணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் பொருட்டல்ல என்று 2023 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு விலக்கு: கணவரின் மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) இவள் பெயர் இருந்தால் இலவசம் பொருந்தாது.

வெளிநாட்டவரைத் தடுக்கிறோம் என்று சிலர் கிளினிக் வாசலில் கூட்டமாக நின்று அடையாள அட்டை கேட்டால் காட்ட வேண்டியதில்லை. குடிவரவுச் சட்டம் 41-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் குடிவரவு அதிகாரிக்கும் போலீசுக்கும்தான் தருகிறது.

பாஸ்போர்ட் விஷயம் தனி. மிரட்டலோ அடியோ இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, குடியுரிமையும் தேவையில்லை. அவளுடைய பொருள்களை எடுக்கப் போலீஸ் துணை வரவேண்டும் என்றும் அதே மனுவில் எழுதச் சொல்லுங்கள். மனு போடுவதால் மட்டும் விசா போய்விடாது. பிரிந்தால் விசா நிலை மாறலாம், அதனால் அந்த முடிவுக்கு முன் ஆலோசனை தேவை. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் படம் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

மருந்தாளர்
மாத்திரை எழுதிக்கொடுத்தால், பால் கெட்டுவிடும் என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அடிக்கடி நடப்பது இது. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரை பாலில் மிகக் குறைவாகவே சேரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தானாக நிறுத்தவே கூடாது. இரவில் நெருக்கடி என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, கட்டணமில்லை. ஆங்கிலத்தில் பேச யாராவது கூட இருங்கள்.