அரைப்பந்து மேல் ஏறி ஸ்குவாட்: கோர் வலுக்குமா, வெறும் வித்தையா?

வடாலா_வாசு:
வணக்கம். வயது 21, மும்பை மாட்டுங்காவில் கல்லூரி, ஞாயிறானால் டர்ஃபில் கால்பந்து. ஹெட்டருக்கு எம்பினால் என் தலைக்கு மேலே இன்னொருவன் தோள் இருக்கிறது. இதைச் சரிசெய்யத்தான் இரண்டு மாதம் முன்பு ஜிம்மில் சேர்ந்தேன். ட்ரெய்னர் முதல் வாரத்திலேயே போசு மேல் ஏற்றிவிட்டார். பார்க்காதவர்களுக்கு: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் காற்றடைத்த குமிழ், பெரிய பந்தைப் பாதியாக அறுத்த மாதிரி இருக்கும். அதன் மேல் நின்று இரண்டு கையிலும் 8 கிலோ டம்பெல்லோடு ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழுவது. "ஆட ஆடத்தான் கோர் வேலை செய்யும்" என்கிறார், வயிறு, முதுகு, இடுப்பைச் சுற்றிய தசைகளைத்தான் சொல்கிறார். போன வியாழக்கிழமை கால் வழுக்கி, டம்பெல் என் கட்டைவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. டைல்ஸ் சிலந்தி வலை மாதிரி விரிந்துவிட்டது. இதையெல்லாம் தரையிலேயே செய்தால் ஆகாதா?

இரும்புப்பட்டறை:
தாராளமாக ஆகும் தம்பி. கனடாவில் டேவிட் பெஹ்ம் என்ற ஆய்வாளர் சகாவோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெஞ்சில் படுத்து ஒரு தடவை, ஸ்விஸ் பந்தில் (காற்றடைத்த பெரிய உடற்பயிற்சிப் பந்து) படுத்து ஒரு தடவை நெஞ்சுக்கு மேலே தள்ளச் சொல்லி அளந்தார்கள். பந்தில் படுத்தபோது விசை ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. தசையின் மின்துடிப்போ கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது பாதி உழைப்பு விழாமல் இருப்பதிலேயே போய்விட்டது. வலு ஏற எடை வேண்டும், ஆடுகிற இடத்தில் எடை ஏற்ற முடியாது. கணக்கு அவ்வளவுதான். அந்தப் பந்தே 1963-ல் இத்தாலியில் அக்விலினோ கோசானி என்பவர் செய்தது. சுவிட்சர்லாந்தில் பிசியோக்கள் நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டதால் ஸ்விஸ் பந்து ஆயிற்று. உனக்கு என்ன நோய்?

செம்பூர்_சிந்து:
அண்ணா, இங்கிலாந்தில் 1818 வாக்கில் சிறைக் கைதிகளைப் பெண்டு நிமிர்த்த வந்த மிதிசக்கரம்தான் ட்ரெட்மில்லின் பாட்டன். அதற்காக யாரும் ஓடாமல் இருக்கிறார்களா?

எனக்கு 24. பதினான்கு வருடமாகப் பரதம். அரைமண்டியில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொள்கிற ஜாதி. தரையில் படுத்து சிட்-அப் போட்டால் தொடை மேல்பக்கம்தான் எரியும், வயிறு சும்மா இருக்கும். 55 செ.மீ. பந்து ஒன்று வாங்கினேன். ஒற்றை அறை வீடு, பந்து பகலில் பீரோ மேல் குடியிருக்கும், அம்மா அதன் மேல் துணி காயப்போடுவார். அதில் முதுகைச் சாய்த்து மெதுவாக எழுந்தபோதுதான் வயிறு எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. இது என் கற்பனை இல்லை. 2000-ல் வந்த ஆய்வில் தரையில் கர்ல்-அப் (தலையும் தோளும் மட்டும் தூக்குவது) செய்தால் முன்வயிற்றுத் தசை அதன் உச்சத் துடிப்பில் 21 சதவீதம் வேலை செய்தது, முதுகைப் பந்தில் வைத்துச் செய்தால் 35. பக்கவாட்டுத் தசை 5-லிருந்து 10.

இரும்புப்பட்டறை:
துடிப்பு வேறு, வலு வேறு. 35 சதவீதத்துக்கு மயங்காதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஒருவர், அப்போது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டூவர்ட் மெக்கில். முதுகெலும்பில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. அவர் சொல்லித் தருகிற மூன்று பயிற்சியும் தரையில்தான்: ஒரு காலை மடக்கிப் போடும் சின்ன கர்ல்-அப், பக்கவாட்டு பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்துவது), நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்கிறார். பந்தும் இல்லை, குமிழும் இல்லை.

செம்பூர்_சிந்து:
அதே மெக்கில்தான் பந்தின் மேல் முழங்கையை ஊன்றி பிளாங்கில் நின்று, கைகளை வட்டமாகச் சுற்றும் பயிற்சியையும் சொல்லித் தருகிறார். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போலவே இருக்கும். நம் பாட்டிகளுக்குப் புதிதில்லை. அதை விட்டுவிட்டீர்களே!

கர்லா_மாமா:
இரண்டு பேரும் நாளை காலை 8.40 தாதர் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஏறுங்கள். கம்பி பிடிக்காமல் குர்லா வரை நின்றால் கோர் தானாக வந்துவிடும். முப்பது வருட அனுபவம்.

வேடிக்கை போகட்டும். ஷிவாஜி பார்க்கில் மல்லகம்பம், அதுதான் கம்பத்தில் ஏறிச் செய்யும் வித்தை, பார்த்திருக்கிறீர்களா? விழுப்புரத்துப் பையன்களும் இதில் கில்லாடிகள். விளக்கெண்ணெய் தடவிய கம்பம், ஆனால் மண்ணில் நட்டது, அசையாது. அதே வித்தையைத் தொங்கும் கயிற்றிலும் செய்வார்கள், அது ஆடும். இரண்டும் ஒரே கலை. யாரும் கம்பமா கயிறா என்று சண்டை போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் கயிற்றில் தொங்குபவன் கையில் யாரும் டம்பெல் கொடுப்பதில்லை.

பிசியோ_அகிலா:
மாமா கடைசி வரியில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். சிந்து பந்தின் மேல் செய்வது வயிற்றுக்கான பயிற்சி, உடம்பு எடை மட்டும். வாசு அரைப்பந்தின் மேல் செய்வது கால் பயிற்சி, அதில் எடை வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் சண்டை.

முதலாவதில் தரை, பந்து எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெர்மனியில் அப்போது போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் இருந்த உர்ஸ் கிரானாக்கர் குழு பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் கோர் பயிற்சி கொடுத்தது, பாதிப் பேருக்குத் தரையில், பாதிப் பேருக்கு ஆடும் பரப்பில். இரண்டு பக்கமும் தேறினார்கள். எது மேல் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. இளம் கால்பந்து வீரர்களிடம் செய்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இரண்டாவதில் நான் இரும்புப்பட்டறை பக்கம். அமெரிக்கப் பயிற்சியாளர் எரிக் கிரெஸ்ஸி 2007-ல் வெளியிட்ட ஆய்வு வாசுவுக்காகவே செய்த மாதிரி இருக்கும். கல்லூரிக் கால்பந்து வீரர்கள், பத்து வாரம். ஒரு குழு கால் பயிற்சிகளில் சிலவற்றைக் காற்றடைத்த வட்டுகளின் மேல் செய்தது, இன்னொன்று எல்லாவற்றையும் தரையில். எம்பிக் குதிப்பதில் தரைக் குழுதான் முன்னேறியது. வாசு, உன் ஹெட்டர் பிரச்சினை இடுப்புக்குக் கீழே. தரையில் நின்று ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது). எடை மெதுவாக ஏறட்டும், முதுகுத் தசைக்கும் அதிலேயே நல்ல தீனி. ஆடும் பலகையை நான் கொடுப்பது கணுக்கால் பிசகி வந்தவர்களுக்கு, அதுவும் வெறும் கையோடு, பிடிக்கச் சுவர் பக்கத்தில் இருக்கும்போது.

இரும்புப்பட்டறை:
அப்பாடா. வெற்றி.

செம்பூர்_சிந்து:
எங்கே வெற்றி? அக்கா பந்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லையே. எடை தூக்காமல் வீட்டில் பாய் விரித்துச் செய்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சலிப்பு வராமல் இருந்தாலே பாதி வெற்றி. தரை பிளாங்கில் நான் நாலாவது நாளே போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பந்தில் போனைப் பார்த்தால் மூக்கு உடையும்.

இரும்புப்பட்டறை:
இதற்கு மட்டும் பதில் இல்லை.

பிசியோ_அகிலா:
சிந்து, ஒன்று கேட்கிறேன். உங்கள் உயரம் என்ன? பந்தில் உட்கார்ந்தால் தொடை தரைக்குச் சமமாக, முழங்கால் செங்கோணத்தில் இருக்க வேண்டும். 55 என்பது சுமார் 155-லிருந்து 170 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு.

செம்பூர்_சிந்து:
162 அக்கா. தப்பித்தேன்.

வடாலா_வாசு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ட்ரெய்னரிடம் தரையில் செய்கிறேன் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, "அது எல்லாரும் செய்வதுதானே" என்றார். அப்புறம் அவரே ராக்கில் (கம்பியைத் தாங்கும் சட்டம்) வெறும் கம்பி வைத்துக் கொடுத்தார், 20 கிலோ. பத்து ஸ்குவாட் போட்டேன். இன்று காலை வடாலா ஸ்டேஷன் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இரண்டு மாதம் குமிழ் மேல் ஆடியதில் இந்த வலி ஒருநாளும் வந்ததில்லை.

பந்தை முழுசாக விடவில்லை, சிந்து அக்கா சொன்ன மாவாட்டும் பிளாங்க் கடைசியில் இரண்டு செட். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான், அவனை ஏற்றிவிட்டேன், மூன்றாவது சுற்றில் உருண்டான்.

ஒரே ஒரு சிக்கல். உடைந்த டைல்ஸுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள்.

இரும்புப்பட்டறை:
கொடுக்காதே. ஏற்றிவிட்டவர் கொடுக்கட்டும்.

கர்லா_மாமா:
பாதிக்குப் பாதி பேசு தம்பி. நாளைக்கும் அதே ஜிம்முக்குத்தானே போக வேண்டும்.