'தூங்கிக்கொண்டிருப்பான்': இங்கிலீஷில் எதைப் போடுவது?

திண்டுக்கல் பக்கம், வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறோம்.

"தம்பி இப்போது தூங்கிக்கொண்டிருப்பான்." இதை ஒருத்தி 'வில் பி ஸ்லீப்பிங்' என்று எழுதினாள், இன்னொருவன் 'மஸ்ட் பி ஸ்லீப்பிங்', மூன்றாமவன் 'மே பி ஸ்லீப்பிங்'. மூன்றுக்கும் டிக் போட்டேன். அப்புறம்தான் வம்பு: "அப்போ எப்போ எதைப் போடணும், மிஸ்?"

மோடலுக்குப் (வில், மஸ்ட், மே போன்ற துணைவினைக்கு) பின் 'பி', அதன்பின் ஐஎன்ஜி சேர்ந்த வினை. அந்த அமைப்பில் குழப்பமில்லை, பொருளில்தான். கையிலிருக்கும் இலக்கணப் புத்தகம் 'மஸ்ட்' என்றால் கட்டாயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. "தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். தமிழில் அதுவே ஊகமாகவும் ஒலிக்கிறது, கட்டளையாகவும் ஒலிக்கிறது!

அறையில் விளக்கு அணைந்து, குறட்டையும் கேட்டால் 'மஸ்ட்'. வெறும் சந்தேகம் என்றால் 'மே' என்று சமாளித்தேன். இப்போது அவன் தூங்கிக்கொண்டிருக்கவே வாய்ப்பில்லை என்று அடித்துச் சொல்ல 'மஸ்ட் நாட் பி' அல்ல, 'கான்ட் பி ஸ்லீப்பிங்' என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். 'வில்' மட்டும் மாட்டிக்கொண்டது.

இந்த நிமிடம் நடப்பதை ஊகிக்கும்போது 'வில் பி'க்கும் 'மஸ்ட் பி'க்கும் உள்ள வேறுபாட்டை, பத்தாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி எந்த உதாரணத்தால் சொல்வீர்கள்?